விதைக்கு வெளிச்சம் தேவையா? ஒஸ்லோ பாலர் பள்ளிகளின் யன்னலோரப் பாடம்

ஈஸ்டர் பண்டிகைக்குப் பத்து நாட்கள் இருக்கையில் ஒஸ்லோ நகரப் பாலர் பள்ளிகளின் யன்னலோரங்களில் வெட்டிய பால் பெட்டிகளும் வெறும் முட்டைக் கோதுகளும் வரிசையாக இடம்பிடிக்கின்றன. அவற்றுக்குள் ஈரப் பஞ்சு. பஞ்சின்மேல் செம்பழுப்பு நிறத்தில் சிறு விதைகள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த 'கார்சே' என்னும் கீரை அது. இரண்டு மூன்று நாட்களில் முளைத்துவிடும். பண்டிகைக் காலையில் அவித்த முட்டையோடு பாணின்மேல் கத்தரித்துப் போடும் அளவுக்கு வளர்ந்தும் விடும். நோர்வேயில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் தம் வாழ்நாளில் முதன்முதலாக விதைப்பது இந்தக் கீரையைத்தான்.

பயிர் வளர என்ன வேண்டும் என்ற கேள்விக்கு எமது தலைமுறையினரிடம் ஆயத்தமான விடை ஒன்று இருக்கிறது. மண், நீர், காற்று, சூரிய ஒளி என்று கொப்பியில் எழுதி மனனம் செய்தவர்கள் நாம். என் மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது அதே விடையை அவளிடமும் ஒப்புவித்தேன். அவள் தனது பால் பெட்டியைக் காட்டி, இதில் மண் எங்கே என்று கேட்டாள். அரசறிவியல் படித்தவனுக்கு அதற்கு மேல் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

குழந்தையின் அந்தக் கேள்வி சரியானது. முளைப்பதும் வளர்வதும் ஒன்றல்ல. முளைப்பதற்குப் பெரும்பாலான விதைகளுக்கு வேண்டியவை மூன்றே: ஈரம், காற்று, போதிய வெப்பம். மண் அவசியமில்லை. நாம் உண்ணும் பருப்பு, பயறு வகைகளுக்கு வெளிச்சமும் அவசியமில்லை. தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு விதைக்குள்ளேயே இருக்கிறது. அது தீரும் வரையில்தான் இந்தச் சுதந்திரம். தீர்ந்த பின்னர் இலை பச்சையாகி ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க ஆய்வுகூடம் எதுவும் தேவையில்லை. பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்து, சில வாரங்களின் பின் கிண்டியெடுத்து வெட்டினால் உள்ளே வெண்மையாக, இனிப்பாகப் பூரான் இருக்கும். தமிழகத்தில் இதைத் தவண் என்பர். கொட்டைக்குள் சேமித்து வைத்த உணவைக் கரைத்து, மண்ணுக்குள் இறங்கும் முளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் பகுதி அது. பூரானைத் தின்ற சிறுவர்கள் ஒரு வடலியின் கட்டுச்சோற்றைத்தான் தின்றார்கள். அந்த உணவு முழுவதும் இறங்கி முடிந்தால் கிடைப்பது பனங்கிழங்கு. இவ்வளவும் வெளிச்சம் படாத மண்ணுக்கடியில் நடக்கிறது.

நான்கு கோப்பைகள்

குழந்தைகளுக்கு இதனைக் காட்டுவதற்கு ஒரு பிடி பாசிப்பயறு போதும். நான்கு கோப்பைகளில் பஞ்சை இட்டு ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு வைக்க வேண்டும். முதலாவது, நனைத்த பஞ்சுடன் யன்னலோரத்தில். இரண்டாவது, அதேபோல நனைத்து இருட்டான அலுமாரிக்குள். மூன்றாவது யன்னலோரத்தில்தான், ஆனால் ஈரமே இல்லாமல். நான்காவதை நனைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். என்ன நடக்கும் என்று குழந்தையை முதலில் சொல்லவிட வேண்டும். அலுமாரிக்குள் இருப்பது முளைக்காது என்றே பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஒரு வாரத்தின் பின் அலுமாரியைத் திறக்கும்போது காத்திருப்பது அதிர்ச்சி. இருட்டில் இருந்த பயறு முளைத்திருப்பது மாத்திரமல்ல, யன்னலோரத்தில் இருந்ததைவிட உயரமாகவும் வளர்ந்திருக்கும். ஆனால் நிறம் வெளிர்மஞ்சள், தண்டு நூல்போல மெலிந்திருக்கும், இலை விரிந்திருக்காது. எது நன்றாக வளர்ந்தது என்று கேட்டால் சிறு பிள்ளை தயங்காமல் உயரமானதையே சுட்டிக்காட்டும். பல பெற்றோர் அவசரப்பட்டுத் திருத்த முனைவது இந்த இடத்தில்தான். திருத்தாமல் இன்னும் பத்து நாட்கள் காத்திருப்பது நல்லது. ஒளியைத் தேடித் தண்டை நீட்டுவதிலேயே கையிருப்பு முழுவதையும் செலவிட்டுவிட்ட அந்தச் செடி தானாகவே சாய்ந்து விழும். உயரம் வேறு, உறுதி வேறு என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே கண்டுகொள்ளும்.

இருட்டில் முளைவிடும் இந்த வெளிர்மஞ்சள் நிறம் தமிழர்களுக்குப் புதியதன்று. தமிழகக் கிராமங்களில் மாரியம்மன் திருவிழாவுக்காக வெளிச்சம் புகாத அறையில் தானியங்களை முளைக்கவைத்து வளர்க்கும் முளைப்பாரியில் அதே நிறத்தைக் காணலாம். ஈழத்துத் தமிழர் இல்லங்களில் நவராத்திரிக் கும்பத்தைச் சுற்றி நவதானியம் விதைப்பதும் வழக்கம். ஒஸ்லோவில் சாமி அறையாக மாறிய சுவர் அலுமாரிக்குள் முளைக்கும் நவதானியமும் மஞ்சளாகவே எழுகிறது. சடங்கு அருகிலேயே இருக்கிறது. அதைக் காட்டி ஏன் இந்த நிறம் என்று பிள்ளையிடம் கேட்பவர்கள் குறைவு.

காற்று என்பது நான்கு கோப்பைகளாலும் காட்டப்படாத விடயம். அதற்கும் விடை சமையலறையிலேயே உண்டு. பயற்றை இரவு முழுவதும் ஊறவைத்த பின் நீரை வடித்து ஈரத் துணியில் கட்டிவைப்பதுதான் வழமை. வடிக்காமல் இரண்டு நாட்கள் நீருக்குள்ளேயே விட்டால் அது முளைப்பதற்குப் பதிலாக நுரைத்து நாற்றமெடுக்கும். விதையும் மூச்சுவிடுகிறது என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல அந்த நாற்றத்தைவிடச் சிறந்த பாடநூல் இல்லை.

குளிர்சாதனப் பெட்டிக் கோப்பையில் நெடுநாள் வரை எதுவும் நடப்பதில்லை. ஆயினும் வெளியே எடுத்து வைத்தால் அந்தப் பயறுகளும் பெரும்பாலும் முளைத்துவிடும். நோர்வே இதே உண்மையை உலக அளவில் பயன்படுத்துகிறது. வட துருவத்தை அண்டிய ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் மலையைக் குடைந்து 2008இல் திறக்கப்பட்ட உலக விதைக் களஞ்சியத்தில் 10 இலட்சத்திற்கும் அதிகமான விதை மாதிரிகள் உலர்ந்த நிலையில் சுழியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியசில் உறங்குகின்றன. சிரியாவில் அலெப்போவை அண்டி இயங்கிய வேளாண் ஆய்வு மையம் போரினால் இடம்பெயர நேர்ந்தபோது, தான் முன்னர் அனுப்பிவைத்த விதைகளில் ஒரு பகுதியை 2015இல் திரும்பப் பெற்றது. களஞ்சியத்திலிருந்து விதைகள் வெளியே எடுக்கப்பட்டது அதுவே முதற்தடவை. அவை லெபனானிலும் மொரோக்கோவிலும் மீண்டும் விதைக்கப்பட்டன. இடம்பெயர்ந்த சமூகமொன்றின் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க கதை இது.

மண்ணைச் செடி தின்கிறதா?

செடி மண்ணிலிருந்து சாப்பிடுகிறது என்பது பெரியவர்களே பரப்பும் பிழை. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த யான் வான் ஹெல்மொண்ட் 200 இறாத்தல் உலர் மண்ணில் 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றொன்றை நட்டு, நீரை மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து ஆண்டுகளின் பின் மரத்தின் எடை 169 இறாத்தல். மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்ஸ் மாத்திரமே குறைந்திருந்தது. அவர் இறந்த பின் 1648இல் வெளியான நூலில் இந்தச் சோதனை இடம்பெற்றது. மரம் முழுவதும் நீரிலிருந்தே உருவானது என்று அவர் எண்ணியது தவறு. ஒளியின் பங்கை யான் இங்கென்ஹவுஸ் 1779இல் எடுத்துக்காட்டும் வரை மேலும் 130 ஆண்டுகள் கடக்க வேண்டியிருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவும் நீரும் ஒளியின் துணையோடு சேர்ந்தே மரமாகின்றன. மண்ணிலிருந்து வருவது உப்புச் சத்துகளாகிய ஒரு சிறு பங்கு. நான்கு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பின்னாளில் மறக்கவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இருக்கலாம். செடி மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகிறது என்று சொன்னால் பொய்யில்லை.

செடிக்கு உயிர் உண்டா என்பதிலேயே சிறு பிள்ளைகளுக்கு ஐயம் இருக்கிறது. தானாக அசைவதையே உயிருள்ளதாகக் குழந்தைகள் கருதும் பருவம் ஒன்று உண்டு என்பதை சுவிஸ் உளவியலாளர் பியாஜே 1920களிலேயே விவரித்தார். ஜப்பானிய ஆய்வாளர்களான கயோகோ இனகாகி, கியூ ஹத்தானோ ஆகியோர் பின்னர் இதற்கு மறுபக்கம் ஒன்றைக் காட்டினர். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் மனிதரைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைக் கொண்டு செடியைப் பற்றியும் பெருமளவு சரியாகவே ஊகிக்கின்றனர் என்பது அவர்களின் முடிவு. எனக்குத் தாகம் எடுப்பதுபோலச் செடிக்கும் எடுக்கும் என்று பிள்ளை சொன்னால், அதை வெறும் கற்பனையென்று தள்ளிவிடத் தேவையில்லை.

இவ்விடயத்தில் தமிழ் மொழி பிள்ளையின் பக்கம் நிற்கிறது. தென்னம்பிள்ளை, மாங்கன்று, வாழைக்குட்டி என்றுதான் நாம் பேசுகிறோம். தொல்காப்பியத்தின் மரபியல், பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய பெயர்கள் ஓரறிவு உயிராகிய செடிகொடிகளுக்கும் பொருந்தும் என்கிறது. மனிதக் குழந்தைக்கும் மரத்தின் குழந்தைக்கும் ஒரே சொல்லை வழங்கும் மொழியில் செடிக்கு உயிர் உண்டென்று தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அந்தச் சொற்கள் பிள்ளையின் காதில் விழுந்தால் போதும். ஒஸ்லோவில் விழுகின்றனவா என்பது வேறு கேள்வி.

தடைசெய்யப்பட்ட தோட்டம்

நோர்வேஜிய மொழியில் பாலர் பள்ளிக்குப் பெயர் 'பார்னஹாகே'. நேர்ப்பொருள் குழந்தைகளின் தோட்டம். ஜேர்மனியரான பிரீட்ரிக் புரோபெல் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் நகரில் தொடங்கிய நிலையத்துக்கு 1840இல் சூட்டிய 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரின் வழிவந்தது அது. அங்கே தோட்டம் என்பது வெறும் உவமை அன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி, அவற்றைச் சூழ எல்லோருக்கும் பொதுவான பாத்திகள் என்பதே அவரது ஏற்பாடு. தன் பாத்தியில் பிள்ளை விரும்பியதைச் செய்யலாம். பொதுப் பாத்தியில் மற்றவர்களோடு இணங்கித்தான் செய்ய வேண்டும். தனியுரிமை, பொதுப்பொறுப்பு ஆகியவற்றை ஆறு வயதுக்கு முன்னரே மண்வெட்டியோடு கற்பிக்கும் முறை இது.

1848ஆம் ஆண்டுப் புரட்சிகளால் மிரண்டிருந்த பிரஷ்ய அரசு 1851 ஓகஸ்டில் இந்தப் பள்ளிகளைத் தடை செய்தது. அவை நாத்திகத்தையும் சோசலிசத்தையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. புரோபெலின் மருமகன் முறையான கார்ல் புரோபெலின் எழுத்துக்களை அவருடையதென அதிகாரிகள் குழப்பிக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம். மறு ஆண்டே புரோபெல் காலமானார். தடை 1860இல்தான் நீங்கியது. அவரைப் பின்பற்றியவர்கள் நாடுகள் தோறும் சென்றதால் அந்தத் தடை தோட்டத்தை அழிப்பதற்குப் பதிலாகப் பரப்பியது என்றே சொல்ல வேண்டும்.

ஒஸ்லோவில் ஊலவோல் மருத்துவமனைக்கு அண்மையில் உள்ள கெய்ட்மீரா பாடசாலைத் தோட்டம் 1909இல் அமைக்கப்பட்டது. நகரம் அப்போது கிறிஸ்தியானியா என்ற பெயரில் இருந்தது. தொழிற்சாலைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் பெருகிய காலத்தில், நகரத்துப் பிள்ளைகள் மண்ணைத் தொட்டுக் காய்கறி விளைவிக்க வேண்டும் என்ற சிந்தனையில் இத்தகைய தோட்டங்கள் பிறந்தன. போர்க்காலத் தட்டுப்பாட்டில் அவற்றின் உருளைக்கிழங்குக்கு உண்மையான மதிப்பு இருந்தது. பிந்திய பத்தாண்டுகளில் காணி விலையும் கட்டடத் தேவையும் பல தோட்டங்களை விழுங்கின. கெய்ட்மீரா தப்பிப் பிழைத்தது. அதே இடத்துப் பழைய பண்ணை வீட்டில், உணவு எழுத்தாளர் அன்ட்ரியாஸ் வீஸ்டாட் முன்னின்று அமைத்த சிறுவர் உணவுப் பண்பாட்டு மையம் 2011இல் திறக்கப்பட்டது.

பாடசாலைத் தோட்டங்களுக்கு இங்கே ஒரு விசித்திரமான தடை உண்டு. மே மாதத்தில் விதைக்கிறார்கள். ஜூன் பிற்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டு ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின்னரே திறக்கின்றன. செடி மிக வேகமாக வளரும் எட்டு வாரங்களிலும் அதை விதைத்த பிள்ளை அருகில் இல்லை. அந்த நாட்களில் நீர் ஊற்றுவது யார் என்பதில்தான் ஒரு பாடசாலைத் தோட்டத்தின் உயிர் தங்கியிருக்கிறது. முன்னொரு காலத்தில் பாடசாலை நாட்காட்டியே பயிருக்கு வளைந்து கொடுத்தது. இன்று இலையுதிர்கால விடுமுறை என்று அழைக்கப்படும் வாரம், பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்கச் சென்றதால் உருளைக்கிழங்கு விடுமுறை என்றே பெயர் பெற்றிருந்தது.

எமது நாடுகளுக்கும் இது புதிதல்ல. இலங்கையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அரசு ஆதரவில் பாடசாலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. தமிழகத்தில் மரியா மொன்டிசோரி 1939 முதல் சென்னை அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலக் கட்டுப்பாடுகளால் இந்தியாவை விட்டு வெளியேற இயலாதிருந்த அந்த இத்தாலியப் பெண்மணி, கொடைக்கானலில் வாழ்ந்த காலத்தில் செடிகொடிகளையும் பூச்சிகளையும் மையமாக வைத்துப் பிள்ளைகளோடு பணியாற்றினார். உலகெங்கும் மொன்டிசோரிப் பள்ளிகள் கையாளும் இயற்கைக் கல்வியின் ஒரு பகுதி பழனி மலைத்தொடரில் உருப்பெற்றது என்பது தமிழ்ப் பெற்றோரில் பலர் அறியாத செய்தி.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மகள் வளர்த்த போஞ்சிச் செடியொன்று நான் வாரக்கணக்கில் அளவுமீறி நீர் ஊற்றியதால் அழுகியது. அவள் உறங்கிய பின் கடையில் வாங்கிய வேறொரு செடியை அந்தச் சாடியில் நட்டு வைத்தேன். காலையில் அவள் ஏமாறவில்லை. இலைகளை எண்ணி வைத்திருந்தாள். செடி ஏன் செத்தது என்று அறியும் வாய்ப்பை நான் பறித்தேன் என்பது பின்னரே புரிந்தது. ஏதோ ஒன்று இல்லாமற்போனதனால் செத்த செடியே அது எவ்வளவு தேவை என்பதைச் சொல்கிறது. என் விடயத்தில் இல்லாமற்போனது வேருக்கு வேண்டிய காற்று.

கறிவேப்பிலையின் குளிர்காலம்

ஒஸ்லோவின் தமிழ் வீடுகளில் இந்தப் பாடம் ஆண்டுதோறும் ஒரு குடும்பத் தகராறாக வருகிறது. காரணம் கறிவேப்பிலைச் சாடி. அந்தச் செடியின் அறிவியல் பெயரிலுள்ள 'கோனிகி' என்ற சொல், 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த லின்னேயசின் மாணவர் கோனிக்கை நினைவுகூர்வது. தரங்கம்பாடி அப்போது டென்மார்க் வசம் இருந்தது. நோர்வேயும் 1814 வரை அதே முடியின் கீழ்தான் இருந்தது. ஆகவே இவ்விரண்டுக்கும் பழைய உறவு உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். காலநிலைக்கு அந்த உறவு தெரியாது.

டிசம்பர் இறுதியில் ஒஸ்லோவின் பகற்பொழுது 6 மணி நேரத்தை எட்டுவதில்லை. நண்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 7 பாகையைத் தாண்டுவதில்லை. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் பதினொன்றரை மணி நேர வெளிச்சம் இருக்கும். ஜூனில் ஒஸ்லோவுக்கு 19 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பகல் கிடைக்க, யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைக்கூட அது தாண்டுவதில்லை. எமது ஊர்களில் செடிக்குக் குறைந்தது நீர் மட்டுமே. வெளிச்சமும் வெப்பமும் கேட்காமலே கிடைத்தன. அதனால்தான் செடி வாடினால் நீர் ஊற்று என்பது எமது கைகளில் ஊறிய அறிவு. இங்கே நிலைமை தலைகீழ். குழாயில் நீர் தாராளம்; பற்றாக்குறை வானத்தில். நவம்பரில் இலை உதிர்த்து உறங்கப் போகும் கறிவேப்பிலைக்கு இரக்கப்பட்டு நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

எங்கள் வீட்டில் அம்மம்மா ஊற்றுவார், பேத்தி தடுப்பாள். கோண்டாவில் செம்மண்ணில் கிணற்றிலிருந்து நீர் இறைத்துப் பயிர் வளர்த்தவருக்கு ஏழு வயதுச் சிறுமி புத்தி சொல்வதா என்று வாக்குவாதம் எழும். இருவர் சொல்வதும் அவரவர் வளர்ந்த மண்ணில் சரியே. ஆனால் பேத்திக்கு வெளிச்சத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நோர்வேஜிய மொழியில். அம்மம்மாவுக்குச் செடியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தமிழில். நான்கு கோப்பைப் பயற்றுச் சோதனையை அந்தக் குளிர்காலத்தில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் செய்தோம். அலுமாரிக்குள் மஞ்சளாக எழுந்ததைக் கண்டவுடன், இது கும்பத்து முளையல்லவா என்றார் அம்மம்மா. கும்பம் என்றால் என்ன என்று அவள் கேட்க, கதை நவராத்திரிக்குப் போய் நெடுநேரம் கழித்தே பயற்றுக்குத் திரும்பியது. இடையில் முளை, குருத்து, நாற்று, வடலி என்று பல சொற்கள் வந்துபோயின.

மார்ச் நடுப்பகுதியில் கறிவேப்பிலையின் கணுவொன்றில் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தது. பேத்தி அதை 'ஸ்பீரே' என்றாள். முளை என்பதற்கான நோர்வேஜியச் சொல் அது. விதையிலிருந்து வந்தால்தான் முளை, கொப்பிலிருந்து வருவது தளிர் என்று அம்மம்மா திருத்தினார். அவள் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சாடியை யன்னலுக்கு இன்னும் அருகே நகர்த்தினாள். இனி ஊற்றலாமா என்று இம்முறை அம்மம்மா அவளிடம் கேட்டார்.